சாட்சி நாற்காலி

அத்தியாயம் 9

அந்த டெலிபோனைக் கீழே வைத்ததிலிருந்து மார்த்தாவுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூட அலுவலகத்தில் எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில்தான் மணி அடித்தது. "ஷைலாவின் அம்மாவா? நான் தீஹாவின் அம்மா பேசுகிறேன்," என்றது பர்மிய மொழியில் ஒரு பெண் குரல். குரலில் அவ்வளவு இனிமை. "நாளைக்கு மூன்று மணிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். என் வீட்டுக்காரர் அவளைப் பார்க்க வேண்டும் என்கிறார்."

எதற்கு என்று மார்த்தா கேட்கவில்லை. தீஹாவின் அப்பா மின் தூ ராணுவத்தில் கர்னல். கர்னல் பார்க்க வேண்டும் என்றால் போய்த்தான் நிற்க வேண்டும்.

காரணம் தெரியாமலும் இல்லை.

அந்தப் பள்ளிக்கூடம் வெளிநாட்டுக்காரர்களின் பிள்ளைகளுக்கும் யாங்கோனின் பெரிய மனிதர்களின் பிள்ளைகளுக்குமானது. மார்த்தா அங்கே வருகைப் பதிவு பார்க்கும் வேலையில் இருந்ததால்தான் அவள் மகளுக்கு அதில் இடம் கிடைத்தது. ஷைலா பள்ளியின் கடைசி வருஷத்தில் இருந்தாள். அமெரிக்க அரசாங்கமும் அரசியலும் என்றொரு பாடத்தை அவளாக விரும்பி எடுத்திருந்தாள். பள்ளிக்கூடத்திலேயே கல்லூரித் தரத்தில் நடத்துகிற பாடம். மே மாதம் பரீட்சை. அதில் நன்றாக எழுதினால் அமெரிக்கக் கல்லூரிகள் உதவித்தொகை கொடுத்துக் கூப்பிடும் என்று சொல்லியிருந்தார் பாடம் நடத்தும் அமெரிக்க ஆசிரியர் ரீவ்ஸ்.

போன செவ்வாய்க்கிழமை ரீவ்ஸ் வகுப்பிலேயே ஒரு விசாரணையை நடத்திக் காட்டச் சொன்னார். ஒரு கற்பனை ஊர். மாணவர்கள் ஊர்வலம் போகிறார்கள். படை சுடுகிறது. அமெரிக்க காங்கிரஸின் விசாரணைக் குழு படைத்தலைவரை வரவழைத்துக் கேள்வி கேட்கிறது. சீட்டுக் குலுக்கியதில் குழுத்தலைவி ஷைலா. நடுவில் போட்ட சாட்சி நாற்காலியில் படைத்தலைவராக வந்து உட்கார்ந்தவன் தீஹா.

"சுடச் சொல்லி உத்தரவு போட்டது யார்? அவர் பெயரைச் சொல்லுங்கள்," என்று ஷைலா கேட்டாள்.

அது 2008 பிப்ரவரி. புத்த பிக்குகள் நகரத் தெருக்களில் வரிசையாக நடந்து, அதன் முடிவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

தீஹா அந்த வேடிக்கையை வீட்டில் சாப்பாட்டு மேஜையில் சொல்லிவிட்டான். டெலிபோன் வந்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் தாமுவே பகுதியிலிருந்த அவர்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மார்த்தாவின் கணவர் மரியஜோசப் வழக்கம்போல் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்துதான் பேச்சையே ஆரம்பித்தார். அவர் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா, அரசாங்க உத்தியோகம். எண்பத்தெட்டுப் போராட்டத்தில் அலுவலகத்து ஆட்களோடு சேர்ந்து ஒரே ஒரு நாள் தெருவில் நடந்ததற்காகக் கூப்பிட்டு உட்கார வைத்து, இனிமேல் செய்யமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். அன்றைக்கு ஜன்னலைச் சாத்த ஆரம்பித்தவர்.

"நீங்க ரெண்டு பேரும் அங்க போயிட்டு வாங்க. நான் பள்ளிக்கூடத்துக்குப் போயி அந்தப் பாடத்துலேர்ந்து இவ பேர எடுத்துடச் சொல்லிடுறேன்," என்றார். "இன்னைக்கு ரீவ்ஸ் சயா தனி வகுப்பு வெச்சிருக்காருல்ல. ஆள் இருப்பாரு."

"அப்பா, இன்னும் மூணு மாசம்தான் இருக்கு," என்றாள் ஷைலா.

"மூணு மாசத்துல ஒரு குடும்பத்தையே கழுவித் தொடைச்சிடலாம்மா. உனக்கு அதெல்லாம் தெரியாது."

"நாங்க திரும்பி வர்ற வரைக்கும் நீங்க எங்கயும் போகக் கூடாது," என்றாள் மார்த்தா. "அங்க என்ன கேட்கறாங்கன்னே தெரியல. அதுக்குள்ள பேர எடுத்தா நாமளே தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

மரியஜோசப் பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாமலிருந்தால் சரி என்று அர்த்தம் இல்லை. அதை அப்போது நின்று யோசிக்க மார்த்தாவுக்கு நேரம் இல்லை.

மிங்கலாடோன் போகும் பஸ்ஸில் கூட்டம் வழிந்தது. நின்றுகொண்டே போனார்கள். ஷைலா பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை போட்டு, பர்மியப் பெண்கள் கட்டும் லுங்கி கட்டி, கன்னத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசியிருந்தாள். நேற்றுவரை குழந்தையாகத் தெரிந்த முகம். பஸ் குலுங்கும் சாக்கில் மார்த்தா மகளின் காதருகே குனிந்தாள்.

"அந்தக் கேள்விய சயாதான் எழுதிக் குடுத்தாரா?"

"இல்லம்மா. நானாத்தான் கேட்டேன்."

"சயா எழுதிக் குடுத்தாருன்னு சொல்லிடு."

ஷைலா திரும்பிப் பார்த்தாள். "அப்படிச் சொன்னா சார் மேல வருமே."

"அவரு அமெரிக்காக்காரரு. மிஞ்சிப் போனா ப்ளேன் ஏத்தி அனுப்பிடுவாங்க. நமக்கு ப்ளேன் கெடையாது."

"பொய்தானேம்மா அது."

பொய் சொல்லக் கூடாது என்று அடித்து வளர்த்தது மார்த்தாவேதான்.

விமான நிலையத்தைத் தாண்டி, மரங்கள் அடர்ந்த ஒரு சாலையில் இறங்கி நடந்தார்கள். இரண்டு பக்கமும் மதில்கள் உயரமாக இருந்தன. தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை, நாய்கூடக் குரைக்கவில்லை. வாசலில் நின்ற சிப்பாய் பெயர் கேட்டான், யாருடைய மகள் என்று கேட்டான், கைப்பையைத் திறக்கச் சொன்னான். உள்ளே ஜெபமாலையும் குடையும் துணியில் சுற்றிய நாலு ஆரஞ்சுப் பழங்களும் இருந்தன. வெறுங்கையோடு எப்படிப் போவது என்று மார்த்தா வாங்கி வந்த பழங்கள். சிப்பாய் ஒரு பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தான்.

கர்னலின் மனைவி டோ கின் சூ வாசல்வரை வந்து வரவேற்றாள். "வாருங்கள் மா மார்த்தா," என்று தங்கையைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள். ஊறவைத்த தேயிலையும் வறுத்த கடலையும் பூண்டும் வைத்த லஃபெ தட்டை முன்னால் நகர்த்தினாள். கூடத்தில் டி.வி. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மார்த்தா ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டாள். அது கரையவும் இல்லை, இறங்கவும் இல்லை.

கர்னல் லுங்கியும் வெள்ளைப் பனியனுமாக வந்தார். சீருடையில் வருவார் என்று எதிர்பார்த்திருந்த மார்த்தாவுக்கு அது இன்னும் பயமாக இருந்தது. மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். கையில் ஒரு தடித்த புத்தகம். ஷைலாவிடம் இருந்த அதே பாடப்புத்தகம், தீஹாவினுடையது. பக்கங்களுக்கு இடையில் தீக்குச்சிகளைச் செருகி அடையாளம் வைத்திருந்தார்.

"உட்காரம்மா," என்றார் ஷைலாவிடம். "என் மகன் இந்தப் பாடத்தில் மோசம். அதனால் நானே படிக்க ஆரம்பித்துவிட்டேன். சில இடங்கள் புரியவில்லை. விசாரணைக் குழு கூப்பிட்டால் யாராக இருந்தாலும் வர வேண்டுமா?"

"ஆமாம் ஐயா," என்றாள் ஷைலா. அவருக்குக் கேட்டிருக்காது என்று மறுபடியும் சொன்னாள். "ஆமாம். வர வேண்டும்."

"ராணுவத்தில் பெரிய அதிகாரியாக இருந்தால்?"

"அப்போதும் வர வேண்டும்."

"வரமாட்டேன் என்று சொன்னால்?"

"சபையை அவமதித்ததாகத் தண்டனை கொடுக்கலாம்."

கர்னல் தலையை ஆட்டினார். "இங்கேயும் கூப்பிட்டால் வந்துவிடுகிறார்களே," என்றார். "நீங்கள் வந்தீர்களே."

டோ கின் சூ சிரித்தாள். தானும் சிரிக்க வேண்டுமோ என்று மார்த்தாவுக்குத் தோன்றியது. உதடு ஒத்துழைக்கவில்லை.

மாடிப்படியில் தீஹா நின்றுகொண்டிருந்தான். இறங்கி வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. ஷைலாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"சரி," என்றார் கர்னல். புத்தகத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "என் மகனைக் கேட்டாயாமே ஒரு கேள்வி. அதை என்னிடம் கேள்."

மார்த்தா மகளின் பக்கம் சாய்ந்தாள்.

"கேட்காதேடி," என்றாள் தமிழில், உதடு அசையாமல்.

கர்னல் அவளைத் திரும்பிப் பார்த்தார். "அம்மா என்ன சொல்கிறார்?"

"மரியாதையாகப் பேசச் சொல்கிறார் ஐயா," என்றாள் ஷைலா. அது பொய்தானே என்று பஸ்ஸில் மறுத்த பிள்ளை, கண் இமைக்காமல் சொன்னாள்.

"நல்ல அம்மா. கேள்."

ஷைலா எழுந்து நின்றாள். எழச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கைகளை முன்னால் கட்டிக்கொண்டாள். வகுப்பில் அதை ஆங்கிலத்தில் கேட்டிருந்தாள், அப்போது அது பாடம். இப்போது இந்தக் கூடத்தில், பர்மிய மொழியில், இவர் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

"சுடச் சொல்லி உத்தரவு போட்டது யார்?" என்றாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "அவர் பெயரைச் சொல்லுங்கள்," என்று அதையும் சேர்த்துச் சொன்னாள்.

டோ கின் சூவின் கை லஃபெ தட்டின் மேல் அப்படியே நின்றது. மார்த்தா மாதாவே மாதாவே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் ஜெபத்தில் ஒரு வார்த்தை நினைவுக்கு வரவில்லை.

கர்னல் ஷைலாவைப் பார்த்தபடியே இருந்தார். கோபம் தெரியவில்லை. ஒன்றுமே தெரியவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றி பனியன் நுனியில் துடைத்தார்.

"என் மகன் அதற்கு என்ன பதில் சொன்னான்?"

"ஞாபகம் இல்லை என்று சொன்னான் ஐயா."

"நல்ல பதில்," என்றார். மாடிப்படியைப் பார்த்து, "நீ அவ்வளவு முட்டாள் இல்லை," என்றார். தீஹா தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகு அவர் பேசியது எல்லாம் ஒரு தகப்பன் பேசுகிற பேச்சுதான். தீஹாவை அமெரிக்காவில் படிக்கவைக்க ஆசை. ஷைலா கெட்டிக்காரி. வாரத்தில் இரண்டு நாள் இங்கே வந்து அவனோடு சேர்ந்து படிக்கட்டும். கார் வரும், கார் கொண்டுவந்து விடும். மார்த்தாவுக்கு மூச்சு கொஞ்சம் திரும்பியது. இதற்காகத்தானா கூப்பிட்டார் என்று நினைத்த அதே நிமிஷத்தில் அடுத்தது வந்தது.

"உங்கள் சயா நல்ல மனிதர் என்று கேள்விப்படுகிறேன். இருந்தாலும் வெளிநாட்டுக்காரர். வகுப்பில் நம் நாட்டைப் பற்றி என்ன சொல்கிறார், யாரைப் பார்க்கிறார், பிள்ளைகளிடம் என்ன கேட்கிறார் என்று தெரிந்தால் நல்லது. என் மகன் காது கொடுத்துக் கேட்பதே இல்லை. நீ கேட்கிறாய். வாரா வாரம் வந்து என்னிடம் சொல். கதை சொல்கிற மாதிரி சொன்னால் போதும்."

ஷைலாவின் முகம் மாறியது. மார்த்தாவுக்கு அந்த மாற்றம் தெரியும். சின்ன வயதில் கசப்பு மருந்தை நீட்டும்போது வாயை இறுக மூடிக்கொள்வாள், அந்த முகம். இந்த வாயிலிருந்து இன்னும் ஒரு நொடியில் முடியாது என்கிற வார்த்தை வரப்போகிறது. வந்தால் அவ்வளவுதான்.

"அவளுக்கு வேண்டாம் ஐயா," என்றாள் மார்த்தா.

தன் குரல்தானா அது என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"அவள் சின்னப் பிள்ளை. வகுப்பு விட்டால் வேறெதுவும் அவளுக்குத் தெரியாது. நான் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சயா எப்போது வருகிறார், யார் அவரைத் தேடி வருகிறார்கள், எந்த டெலிபோன் வருகிறது, எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். என்னைக் கேளுங்கள். நான் சொல்கிறேன்."

ஷைலா அம்மாவைப் பார்த்தாள். மார்த்தா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கர்னல் நிதானமாக யோசித்தார். "சரி," என்றார் கடைசியில். "அதுவும் நல்லதுதான். திங்கட்கிழமைதோறும் அலுவலகத்துக்கு டெலிபோன் வரும்." எழுந்தவர், போகிற போக்கில் கேட்டார். "வீட்டில் நீங்கள் உங்கள் பாஷைதான் பேசுவீர்களா?"

"ஆமாம் ஐயா."

"நல்லது. அதை விட்டுவிடக் கூடாது." மனைவியிடம் திரும்பினார். "இருட்டப்போகிறது, இவர்களைப் பஸ்ஸில் அனுப்பாதே. மியோ இருக்கிறானா பார். அவனைக் கொண்டுபோய் விடச் சொல்."

வாசலில் வேறொரு டிரைவர் கார் துடைத்துக்கொண்டு நின்றிருந்தான். அவனை விட்டுவிட்டுப் பின்கட்டிலிருந்து மியோவைக் கூப்பிட்டு வந்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். வெற்றிலைக் காவி ஏறின பல். குனிந்து பர்மிய மொழியில் வணக்கம் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டான். ரேடியோவில் பர்மியப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்சம் குறைத்தான். மரியாதை தெரிந்தவன் என்று மார்த்தா நினைத்துக்கொண்டாள்.

மதில்கள் மறைந்து கடைத்தெரு வெளிச்சம் வந்த பிறகுதான் ஷைலா வாயைத் திறந்தாள்.

"எப்படிம்மா ஒத்துக்கிட்டீங்க?"

"மெதுவாப் பேசு."

"டிரைவருக்கு என்ன புரியப் போவுது." ஷைலாவுக்குக் குரல் உடைந்தது. "சார் உங்கள என்னமா மதிப்பாரு. கிறிஸ்மஸுக்கு நம்ம வீட்டுப் பலகாரத்த எத்தன பேருகிட்டச் சொல்லிச் சாப்பிட்டாரு. அவரப் போயி காட்டிக்குடுக்கறேன்னு சொல்லிட்டு வந்துட்டீங்க."

மார்த்தா முன்சீட்டைப் பார்த்தாள். டிரைவர் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

"நான் சொல்லலைன்னா நீ முடியாதுன்னு சொல்லியிருப்ப."

"ஆமா. சொல்லியிருப்பேன்."

"அதான்." மார்த்தா மகளின் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது. "போன் வரும். நான் பேசுவேன். சயா வந்தாரு, பாடம் நடத்துனாரு, சாப்பிட்டாரு, போனாருன்னு சொல்லுவேன். அவருக்குச் சளி புடிச்சிருக்கு, மீன் புடிக்காது, சட்டையில பொத்தான் அறுந்து போச்சு, இப்படி எத்தன கதை வேணும்? வாரத்துக்கு ஒண்ணு சொல்லிக்கிட்டே இருப்பேன். அவரு தலையில ஒரு மயிரு உதிராது என்னால."

"தெரிஞ்சு போச்சுன்னா?"

"தெரிஞ்சா என்னையத்தானே புடிப்பாங்க. அதுக்குள்ள நீ பரீட்ச எழுதிடு. எழுதிட்டு இந்த ஊர விட்டுப் போயிடு."

ஷைலா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. கார் ஒரு சிவப்பு விளக்கில் நின்றது. பாட்டும் எப்போதோ நின்றுபோயிருந்தது.

"அம்மா," என்றாள் ஷைலா, முகத்தை எடுக்காமலே. "அவரு மடியில புஸ்தகத்த வெச்சப்போ ஒரு பக்கம் திறந்துகிட்டுச்சு. கோடு கோடாப் போட்டு வெச்சிருக்காரு. எந்த இடம் தெரியுமா? ஜனாதிபதி யாருக்கெல்லாம் மன்னிப்புக் குடுக்கலாம்னு இருக்கே, அந்த இடம். தண்டனை குடுக்கறதுக்கு முன்னாடியே மன்னிப்புக் குடுத்துடலாமான்னு ஓரத்துல எழுதி வெச்சிருக்காரு."

ஒரு கர்னல் எதைப் படிக்கிறார் என்று தெரிந்துகொள்வது, அவர் கையில் துப்பாக்கியைப் பார்ப்பதைவிட ஆபத்து.

"அதப் பார்த்தேன்னு யாருகிட்டயும் சொல்லாதே," என்றாள் மார்த்தா. "அப்பாகிட்டகூட. நீ பார்க்கவே இல்ல. புரியுதா?"

தாமுவே சந்தைக்குள் கார் நுழைந்தபோது கடைகளை எடுத்துவைக்கும் நேரம். அவர்கள் சந்து குறுகலானது. வழி சொல்ல மார்த்தா வாயைத் திறப்பதற்கு முன்பே மியோ வண்டியைத் திருப்பி, வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். சந்து முனை டீக்கடையில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். ராணுவ எண்பலகை போட்ட கார் அந்தச் சந்துக்குள் வருவது தினம் நடக்கிற விஷயம் இல்லை.

மார்த்தா முதலில் இறங்கினாள். வாசற்படியில் காலை வைக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

படியில் மரியஜோசப்பின் செருப்பு. பக்கத்தில் ஒரு ஜோடி பழுப்புநிறத் தோல் ஷூ. அந்தச் சந்தில் யாருக்கும் அவ்வளவு பெரிய பாதம் கிடையாது.

"அம்மா," என்றாள் ஷைலா பின்னாலிருந்து, குரலே இல்லாமல். "சாரோட ஷூ."

ஜன்னல் சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து மரியஜோசப்பின் குரல் கேட்டது. தப்புத்தப்பான ஆங்கிலத்தில், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடிப் பேசிக்கொண்டிருந்தார். என் மகள், ஒரே மகள், தயவுசெய்து, என்று காதில் விழுந்தது. பிறகு ரீவ்ஸின் தாழ்ந்த குரல்.

போகாதீர்கள் என்று சொல்லியும் இந்த மனிதர் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். பேரை எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். என்ன ஏது என்று விசாரித்து ரீவ்ஸ் தானே கிளம்பி வந்துவிட்டார். மார்த்தாவுக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிப்போயிற்று. ஒரு வெள்ளைக்காரர் இந்தச் சந்தில் நடந்து வந்து, படியில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனதை எத்தனை கண்கள் பார்த்திருக்கும். எந்த மனிதரைப் பற்றிச் சொல்வதாக ஒப்புக்கொண்டுவிட்டு வந்தாளோ அவர் இப்போது அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கர்னலின் கார் வாசலில் நிற்கிறது.

அவள் சட்டென்று திரும்பி, ஷூவை மறைக்கிற மாதிரி நின்றுகொண்டாள்.

கார் கிளம்பவில்லை. எஞ்சின் நின்றது. கதவு திறந்து மியோ இறங்கினான். மெல்ல நடந்து அவளுக்கு எதிரில் வந்து நின்றான். அவளைப் பார்க்கவில்லை. அவள் காலுக்குப் பின்னால் பார்த்தான்.

"யாரும் இல்லை," என்றாள் மார்த்தா பர்மிய மொழியில். அவன் இன்னும் எதையும் கேட்டிருக்கவில்லை. "கோயிலிலிருந்து ஆள் வந்திருக்கிறார்கள். ஜெபத்துக்கு."

மியோ வாயிலிருந்த வெற்றிலையை ஓரமாகத் துப்பினான்.

"அந்த ஷூவ முதல்ல உள்ள எடுத்து வைங்கக்கா," என்றான்.

தமிழில் சொன்னான். தாமுவே சந்தையில் பேசுகிற அதே தமிழ், பிறந்ததிலிருந்து பேசுகிறவனின் தமிழ்.

ஷைலா அம்மாவின் முழங்கையை இறுகப் பிடித்தாள். நகம் பதிந்தது. மார்த்தாவுக்கு வலிக்கவில்லை. சளி, மீன், சட்டைப் பொத்தான், பரீட்சை, மன்னிப்பு, ஓரத்தில் எழுதிய கேள்வி. காரில் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் வரிசையாகத் திரும்பி வந்து அவள் முன்னால் நின்றது.

"எங்க அம்மா இங்கதான் ரெண்டு தெரு தள்ளி இருந்தாங்க," என்றான் மியோ. "கமலாட்சின்னு பேரு. வெளிய இருந்த டிரைவர விட்டுட்டு என்னைய எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு நெனைக்கிறீங்க?"

வீட்டில் உங்கள் பாஷைதான் பேசுவீர்களா என்று போகிற போக்கில் கேட்ட அந்தக் குரல் மார்த்தாவின் காதுக்குள் ஓடியது.

"முக்கு டீக்கடையில பச்சச் சட்ட போட்டிருக்கவன் வார்டு ஆபீஸ் ஆளு, யாரு வீட்டுக்கு யாரு வர்றாங்கன்னு எழுதிக் குடுக்கறவன். அவன் இந்நேரம் கணக்குப் பண்ணியிருப்பான்," என்றான் மியோ, அதே தணிந்த குரலில். "போமூஜீ, அதான் கர்னலு, நான் திரும்பிப் போனதும் என்னையக் கேட்பாரு. அம்மாவும் மகளும் வழியில என்ன பேசிக்கிட்டாங்கன்னு."

"நீ என்ன தம்பி சொல்லப் போற?" என்று மார்த்தா கேட்டாள்.

மியோ புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"மிங்கலாடோன்லேர்ந்து அதத்தான் யோசிச்சுக்கிட்டே வந்தேன்," என்றான். "எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு அக்கா."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. யாரோ எழுந்து வாசல் பக்கம் வருகிறார்கள். சந்து முனையில் பச்சைச் சட்டைக்காரன் டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து நின்றான்.

மார்த்தா குனிந்து அந்தப் பெரிய ஷூக்களை இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டாள். முழங்கையால் கதவைத் தள்ளித் திறந்து, மகளை முதலில் உள்ளே விட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டவனிடம் இனி எதை மறைப்பது என்று வாசலை விட்டு ஒதுங்கி நின்றாள்.

"உள்ள வா தம்பி," என்றாள். "ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ."